நிறைஞ்சபடியே வீடு திரும்புன தண்ணி பாட்டில்: பசங்களுக்கு குறும்படம் சொல்லிக்குடுக்கிறது பத்தி

அரசுப் பள்ளிகள்ல குறும்பட வொர்க்‌ஷாப் எடுக்க ஆரம்பிச்சு சில வருஷம் ஆகுது. முதல் நாள் "எந்த பிரச்சனைய பத்தி படம் எடுக்கலாம்"னு கேட்டா எந்த ஊரா இருந்தாலும் போர்டுல வர்ற லிஸ்ட் ஒண்ணுதான்: குடி, செல்ஃபோன், பிளாஸ்டிக், மரம் வெட்டுறது, பெண்கல்வி, ஹெல்மெட். சரி கதை சொல்லுங்கன்னு கேட்டா அதுவும் ஒண்ணுதான், அப்பா குடிக்கிறாரு, அம்மா அழறாங்க, பையன் படிப்ப நிறுத்திட்டு வேலைக்கு போறான், கடைசில யாராவது ஒருத்தர் செத்துடுவாங்க, ஸ்க்ரீன் கருப்பாகி ஒரு வாசகம் வரும், பின்னாடி வயலின் அழும். பத்து பசங்கள பத்து மூலைல தனித்தனியா உக்கார வச்சாலும் இதேதான் எழுதிட்டு வருவாங்க. இவங்க வீட்டுல நிஜமாவே குடி இருக்கு, அதுல அடி வாங்கின பசங்களும் அந்த கூட்டத்துல இருக்காங்க, ஆனா அவங்க எழுதுற கதைல அவங்க வீடு இல்ல, எங்கேயோ பாத்த ஒரு வீடுதான் இருக்கு. இது ஏன்னு புரிஞ்சுக்காம கேமராவ கைல குடுத்து பிரயோஜனம் இல்லன்னு எனக்கு ரெண்டாவது வருஷத்துலதான் உறைச்சுது.

இந்த அச்சு எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிச்சா ரொம்ப பின்னாடி போகுது. 1948ல மத்திய அரசு ஃபிலிம்ஸ் டிவிஷன் ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் பல வருஷத்துக்கு எந்த தியேட்டர்ல படம் போட்டாலும் முன்னாடி அரசு அங்கீகரிச்ச நியூஸ் ரீலோ டாக்குமென்டரியோ போட்டே ஆகணும்னு இருந்துச்சு, நம்ம அப்பா தாத்தால்லாம் "இந்தியன் நியூஸ்"னு சொல்லிட்டு டீ குடிக்க வெளிய போனது அதுக்குதான். மேல இருந்து ஒரு கம்பீரமான குரல் பேசும், ஜனங்க கீழ ஊமையா நடமாடுவாங்க. சமூகம் பத்தின படம்னா ஒரு குரல் நமக்கு புத்தி சொல்லணும்ங்கிறது அப்பவே பதிஞ்சு போச்சு. இன்னைக்கு பசங்களுக்கு அந்த ரீல் தெரியாது, ஆனா 2012 அக்டோபர்ல இருந்து படத்துக்கு முன்னாடி கட்டாயமா வர்ற புகையிலை எச்சரிக்கை படம் மனப்பாடமா தெரியும், அந்த வசனத்த அதே குரல்ல சொல்லியும் காட்டுவாங்க. இதோட பேச்சுப்போட்டிய சேத்துக்கணும், ஒரு தலைப்ப குடுத்து மூணு நிமிஷத்துல "ஆகவே"ன்னு முடிக்க சொல்லி பழக்கின பசங்க கேமரா முன்னாடியும் ஆகவேன்னுதான் முடிப்பாங்க. அப்புறம் 2009-10 வாக்குல டிவில வந்த நாளைய இயக்குனர் நிகழ்ச்சி, நலன் குமாரசாமி, கார்த்திக் சுப்பராஜ், பாலாஜி மோகன் மாதிரி ஆளுங்க அங்கேருந்துதான் சினிமாவுக்கு வந்தாங்க, நம்ம ஊர்ல குறும்படம்ங்கிற வார்த்தைய வீட்டுக்கு வீடு கொண்டுபோனது அதுதான், அதுல எனக்கு மரியாதை உண்டு. ஆனா கடைசி முப்பது செகண்ட்ல ஒரு ட்விஸ்ட் வச்சாதான் குறும்படம்னு ஒரு நம்பிக்கையும் அதோட சேந்து வந்துடுச்சு. புத்தி சொல்ற குரல், ஆகவே, ட்விஸ்ட், மூணையும் சேத்தா அந்த வயலின் படம் ரெடி. பசங்க மேல தப்பே இல்ல, அவங்களுக்கு காட்டினது அவ்வளவுதான்.

அதனால முதல்ல வேற மாதிரி படம் காட்டணும். 2022ல நம்ம பள்ளிக்கல்வித் துறை அரசுப் பள்ளிகள்ல சிறார் திரைப்பட விழான்னு மாசம் ஒரு படம் போட ஆரம்பிச்சாங்க, முதல் படமே சாப்ளினோட தி கிட், 1921ல வந்த பேசாத படம். அந்த திட்டம் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், புரொஜக்டர் இருக்கிற ஸ்கூல் இருக்கு, ஆளுக்கு ஆள் தலைய நீட்டி லேப்டாப்ல பாத்த ஸ்கூலும் இருக்கு. ஆனா அந்த தேர்வு ரொம்ப நல்ல தேர்வு. அதுல சின்ன பையன் கல்லெடுத்து ஜன்னல் கண்ணாடிய உடைச்சுட்டு ஓடிடுவான், கொஞ்ச நேரத்துல சாப்ளின் முதுகுல கண்ணாடிய சுமந்துட்டு தற்செயலா வர்ற மாதிரி வருவாரு, உடைஞ்ச கண்ணாடிய மாத்தி காசு வாங்குவாரு. பசங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. சிரிச்சு முடிச்சதும் "இந்த படத்துல வறுமைன்னு எங்கயாச்சும் எழுதியிருந்துச்சா"ன்னு கேட்டா ஒரு நிமிஷம் கிளாஸ் அமைதியாயிடும்.

இன்னொன்னு நான் எப்பவும் போடறது ஈரான் படம். அங்க 1965ல கானூன்னு சிறுவர்களுக்கான ஒரு அமைப்ப ஆரம்பிச்சாங்க, லைப்ரரி, புத்தகம்னு தொடங்கி அப்புறம் அதுக்குள்ள ஒரு சினிமா பிரிவும் வந்துச்சு, அத கட்டி எழுப்பினதுல டைரக்டர் அப்பாஸ் கியரோஸ்தமிக்கு பெரிய பங்கு. அவர் அங்க 1975ல எடுத்த ஒரு படம் மொத்தமே அஞ்சு நிமிஷத்துக்குள்ளதான், ஒரு பையன் ஃப்ரெண்டு கிட்ட வாங்கின நோட்ட கிழிஞ்சபடியே திருப்பி குடுக்கிறான், அவன் பதிலுக்கு இவன் நோட்ட கிழிக்கிறான், இவன் அவன் பென்சில உடைக்கிறான், அப்படியே பை, சட்டைன்னு போய் கடைசில அடிதடி. அப்புறம் அதே கதை மறுபடியும் முதல்ல இருந்து வரும், இந்த தடவ கிழிஞ்ச நோட்ட கோந்து போட்டு ஒட்டி குடுத்துடறான், ரெண்டு பேரும் ஃப்ரெண்டாவே இருக்காங்க. ஒரு நோட்டு, ரெண்டு பசங்க, ஒரு கிளாஸ்ரூம். வன்முறை பத்தி படம் எடுக்க இதுக்கு மேல என்ன வேணும்னு பசங்களே கேப்பாங்க, ஏன்னா அந்த நோட்டு அவங்க பையிலயும் இருக்கு.

அதுக்கப்புறம் ஒரு வாரம் கதையே கிடையாது. ஒரு நிமிஷம், ஒரே ஷாட், ஃபோன அசைக்கக்கூடாது, ஜூம் கூடாது, தினமும் நீங்க பாக்கிற ஒண்ண எடுத்துட்டு வாங்க, அவ்வளவுதான் ஹோம்வொர்க். 1895ல சினிமாவோட முன்னோடிகளான லூமியர் சகோதரர்கள் எடுத்ததும் இப்படித்தான், ஒரு ரீல் ஐம்பது செகண்ட் சொச்சம்தான் ஓடும், கேமரா ஸ்டாண்டுல நிக்கும், வர்றவங்க வருவாங்க போறவங்க போவாங்க. பிரான்ஸ்ல சினிமாவோட நூறு வருஷத்த ஒட்டி 1995ல பள்ளிப் பசங்களுக்குன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு இந்த லூமியர் நிமிஷத்த பயிற்சியாவே வச்சிருக்காங்க, நான் அங்கேருந்துதான் எடுத்துக்கிட்டேன். பாக்க சுலபமா இருக்கும், செஞ்சு பாத்தாதான் தெரியும் ஒரு நிமிஷம் எவ்வளவு பெருசுன்னு.

ஒன்பதாங்கிளாஸ் பையன் ஒருத்தன் ரேஷன் கடைல எடுத்துட்டு வந்த நிமிஷத்த நான் மறக்கவே மாட்டேன். கடைக்காரர்கிட்டயும் பாட்டிகிட்டயும் கேட்டுட்டு, முகம் வேண்டாம் கை மட்டும்னு சொல்லி எடுத்திருக்கான். ரேகை வைக்கிற மெஷின், அது மேல ஒரு கட்டை விரல். மெஷின் எடுத்துக்கல. விரல முந்தானைல துடைச்சுட்டு மறுபடி வைக்கிறாங்க, எடுக்கல. இன்னொரு விரல். எடுக்கல. பின்னாடி வரிசைல யாரோ "ஆயா சீக்கிரம்"னு சொல்றது கேக்குது. நாலாவது தடவ விரல எச்சில்ல நனைச்சு வைக்கிறாங்க, அதோட நிமிஷம் முடிஞ்சிடுச்சு. அந்த பாட்டி ரொம்ப வருஷம் சித்தாள் வேலை பாத்தவங்க, சிமென்ட் கலந்து கலந்து ரேகை தேஞ்சு போச்சு, இத அந்த பையன் படம் போட்டு முடிச்சப்புறம் கிளாஸ்ல எழுந்து சொன்னான். முதல் நாள் போர்டுல எழுதின லிஸ்ட்ல இந்த பிரச்சனை இல்லவே இல்ல, ஏன்னா இதுக்கு பேரே கிடையாது. பேர் இல்லாத பிரச்சனைய புடிக்க அந்த வயசு பசங்களால முடியும், பெரியவங்க நாமதான் பேர் வச்ச பிரச்சனைய தூக்கி அவங்க கைல குடுத்துடறோம்.

பெண்கல்வின்னு தலைப்பு எடுத்த ஒரு குரூப் கதைய இங்க கொஞ்சம் விரிவா சொல்லணும். எட்டாங்கிளாஸ் பொண்ணுங்க ஆறு பேர், முதல்ல எழுதினது வழக்கம்போல, பொண்ண படிக்க வைக்க மாட்டேன்னு அப்பா சொல்றாரு, டீச்சர் வந்து பேசி மனச மாத்தறாங்க, பொண்ணு கலெக்டர் ஆயிடறா. "இதுல உங்கள்ல யாருக்காவது நடந்தது இருக்கா"ன்னு கேட்டேன், இல்ல சார், எங்க அப்பால்லாம் படின்னுதான் சொல்வாரு. சரி அப்போ படிக்கிறதுக்கு என்னதான் இடைஞ்சல், காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் மணிக்கணக்கா எழுதுங்கன்னு சொல்லி எங்க டீம்ல இருந்த அக்காவோட அவங்கள தனியா உக்கார வச்சேன். ஒருத்தி எழுதினதுல ஒரே ஒரு வரி, "நாலரை மணி வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டேன்". ஏம்மான்னு அக்கா கேட்டிருக்காங்க, பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லக்கா. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவ இழுத்து புடிச்சுக்கணும், ஃப்ரெண்டு லீவு போட்டா அன்னைக்கு போறதே இல்ல. அவ சொன்னதும் மத்த அஞ்சு பேரும் நானும்தான் நானும்தான்னு சொல்லியிருக்காங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணைல ஆண் பெண் தனித்தனி கழிப்பறை இருக்கணும்னு எழுதியிருக்கு, இந்த ஸ்கூல்ல அது இருக்கவும் இருக்கு, கணக்கெடுக்க வர்றவங்க இருக்குன்னு டிக் போட்டுட்டு போயிடுவாங்க, தாழ்ப்பாளுக்கு தனியா கட்டம் கிடையாது. தண்ணி குடிக்காம அடக்கி வச்சு இன்ஃபெக்‌ஷன் ஆகி மாசத்துல ரெண்டு நாள் லீவு போடற பொண்ணுக்கு பெண்கல்விக்கு இடைஞ்சல் அப்பா இல்ல, ஒரு தாழ்ப்பாள்.

படம் மூணே முக்கால் நிமிஷம் வந்துச்சு. காலைல அம்மா பாட்டில்ல தண்ணி ரொப்பறாங்க. கிளாஸ்ல மேத்ஸ், பாட்டில் பெஞ்சு ஓரத்துல. பி.டி. பீரியட், வெயில், பாட்டில அவ தொட்டு பாத்துட்டு வச்சுடறா. அப்புறம் ஒரு கதவு, வெளிய பக்கம் மட்டும், கம்பிய இழுத்து புடிச்சிருக்கிற ஒரு கை, வெளுத்துப் போன விரல் முட்டி, கீழ மாறி மாறி நிக்கிற ரெண்டு கால். அந்த கை ஷாட் பதினெட்டு செகண்ட், பசங்க வெட்ட மாட்டேன்னுட்டாங்க, கை வலிக்கிறது தெரியணும் சார்னு சொன்னாங்க. கடைசில வீடு, அம்மா பாட்டில தூக்கிப் பாத்துட்டு "ஏன்டி தண்ணி அப்படியே இருக்கு"ன்னு கேக்கறாங்க, பொண்ணு பதில் சொல்லல, படம் முடிஞ்சுது. எழுத்து போடலாமான்னு ஒருத்தி கேட்டா, இன்னொருத்தி "எதுக்குடி, அம்மாதான் கேட்டுட்டாங்கள்ல"ன்னா.

இதுல பாத்ரூம் உள்ள ஒரு ஷாட் கூட கிடையாது, எடுக்கவும் கூடாது, சும்மா டெஸ்டுக்குன்னு கூட. ஃபோன்ல எடுத்தது ஃபோன்லயே நிக்காது. இந்த மாதிரி எல்லைய ஆரம்பத்துலயே தெளிவா போட்டுடணும், சட்டமும் கறாரா இருக்கு. குற்றத்துல பாதிக்கப்பட்ட, சாட்சியா இருக்கிற, இல்ல பாதுகாப்பு தேவைப்படற குழந்தையோட பேர், முகவரி, ஸ்கூல், அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளிய விடக்கூடாதுன்னு 2015 இளைஞர் நீதிச் சட்டம் 74வது பிரிவு சொல்லுது, போக்சோ சட்டம் 23வது பிரிவும் அதையேதான் சொல்லுது. முகத்த ப்ளர் பண்ணிட்டோம்னு நிம்மதியா இருந்துட முடியாது, ஒரே ஊர்ல குரல், யூனிஃபார்ம், தெருமுனை கோயில் எல்லாமே அடையாளம்தான். இத விட முக்கியமா ஒண்ணு இருக்கு. உங்க வாழ்க்கைல இருந்து கதை சொல்லுங்கன்னு கேட்டா ஒரு நாள் ஒரு குழந்தை நிஜமாவே சொல்லிடும், மாமா, பக்கத்து வீட்டு ஆள்னு. அந்த நிமிஷம் அது கதை இல்ல. போக்சோ 19வது பிரிவுப்படி தெரிஞ்சவங்க புகார் குடுத்தே ஆகணும், மறைச்சா 21வது பிரிவுல தண்டனை இருக்கு. குழந்தைகள் உதவி எண் 1098, அப்புறம் நம்ம மாநிலத்துல மாணவர்களுக்கான 14417, ரெண்டு நம்பரையும் வொர்க்‌ஷாப் எடுக்கறவங்க ஃபோன்ல வச்சிருக்கணும், கதை கேக்கற ரூம்ல ஒரு பெண் டீச்சர் கண்டிப்பா இருக்கணும். இந்த ஏற்பாடு இல்லாத இடத்துல தயவுசெஞ்சு சொந்தக் கதை பயிற்சி எடுக்காதீங்க.

சட்டத்துல இல்லாத ஒரு விஷயம், ஆனா எனக்கு தூக்கம் கெட்டது அதுலதான். ஒரு ஸ்கூல்ல தூய்மைப் பணியாளர் பத்தி படம், நல்ல மனசோட எடுத்த தலைப்பு. வேஷம் பிரிக்கறப்போ கலெக்டர் யாரு, டாக்டர் யாருன்னு கை தூக்கினாங்க, துப்புரவு வேலை செய்யறவரு யாருன்னதும் எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே பையன திரும்பிப் பாத்தாங்க. அவன் சிரிச்சுட்டே எழுந்து நின்னான். யாரும் ஒரு வார்த்தை தப்பா பேசல. ஊர்ல எந்த தெரு எங்க இருக்குன்னு அந்த ஒரு பார்வைல தெரிஞ்சு போச்சு. அன்னைக்கு ஷூட்டிங்க நிறுத்திட்டோம். அப்புறம் இருந்து எல்லா இடத்துலயும் வேஷத்த சீட்டு குலுக்கிதான் போடறோம், அந்த பையன் அந்த படத்துல கேமரா பாத்தான். கேமரா விஷயத்துலயும் இதே மாதிரி ஒண்ணு நடக்கும், விட்டுட்டா பசங்க ஃபோன பிடிச்சுக்குவாங்க, பொண்ணுங்களுக்கு நடிப்பும் நோட்டுல எழுதறதும்தான் மிஞ்சும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஆள் மாறணும், எடுத்தவங்க அடுத்த ஷாட்டுக்கு க்ளாப் அடிக்கணும்னு ரூல் போட்டப்புறம்தான் ஆறு பொண்ணுங்க குரூப்ல ஆறு கேமராவுமன் கிடைச்சாங்க.

டெக்னிக்கலா சொல்லித்தர வேண்டியது ரொம்ப கம்மி, ஆனா சவுண்ட விட்டுடாதீங்க. படம் கொஞ்சம் மங்கலா இருந்தா ஜனம் பொறுத்துக்கும், பேசறது கேக்கலன்னா எழுந்து போயிடும். மைக் வாங்க காசு இல்லன்னா இன்னொரு ஃபோன்ல வாய்ஸ் ரெக்கார்டர ஆன் பண்ணி நடிக்கிறவங்க சட்டைப் பாக்கெட்ல போட்டுடுங்க, ஆரம்பத்துல ஒரு கைதட்டல், எடிட்ல அந்த கைதட்டல வச்சு ரெண்டையும் சேத்துக்கலாம். ஃபேன ஆஃப் பண்ணணும், இது எப்பவும் மறக்கும். டியூப்லைட் வெளிச்சத்துல படம் பட்டை பட்டையா துடிக்குதுன்னா நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்ங்கிறதாலதான், ஃபோன்ல ப்ரோ மோட் இருந்தா ஷட்டர 50ல ஒண்ணுன்னு வச்சா நின்னுடும், இல்லன்னா ஜன்னல் பக்கம் நகந்துடுங்க. எடிட்டிங்க்கு கைன்மாஸ்டர் மாதிரி ஏதாவது ஒரு ஆப் போதும். ஒரே ஒரு கண்டிஷன், முதல் கட் மியூசிக் இல்லாம இருக்கணும். மியூசிக் இல்லாம பாத்து எங்க சோர்வா இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு ஷாட்ட மாத்தணும், வயலின் போட்டு மூடக்கூடாது.

படம் முடிஞ்சதும் எங்க காட்டறதுங்கிறதுதான் பெரிய கேள்வி, நிறைய பேர் நேரா யூட்யூப்ல போட்டுடறாங்க, இல்ல போட்டிக்கு அனுப்பிடறாங்க. 1967ல கனடால ஃபோகோன்னு ஒரு தீவு, மீன்பிடி கிராமங்க, ஜனங்கள அங்கேருந்து கிளப்பி வேற இடத்துல குடியமத்தலாம்னு பேச்சு நடந்துட்டு இருந்த நேரம், காலின் லோன்னு ஒரு டைரக்டர் அங்க போய் ஜனங்க பேசறத இருபதுக்கும் மேல சின்ன சின்ன படமா எடுத்தாரு. எடுத்து முதல்ல அவங்களுக்கேதான் போட்டுக் காட்டினாரு, வேண்டாம்னா எடுத்துடலாம்னு சொன்னாரு. ஒரு ஊர்க்காரங்க பேசினத இன்னொரு ஊர்க்காரங்க ஸ்க்ரீன்ல பாத்தப்போதான் நமக்கும் இதேதான் பிரச்சனைன்னு தெரிஞ்சுது, அப்புறம் அந்த படங்க அரசாங்கத்துக்கும் போச்சு, தீவுல மீனவர் கூட்டுறவு சங்கம் உருவாச்சு, ஜனங்க அங்கயே இருந்துட்டாங்க. நம்ம நாட்டுலயே 1984ல அகமதாபாத்ல சுயதொழில் செய்யற பெண்களோட சங்கமான சேவா, வீடியோ சேவான்னு ஆரம்பிச்சு காய்கறி விக்கிற பெண்களுக்கு கேமரா சொல்லிக்குடுத்தாங்க, அதுல பல பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா படம் எடுத்து தங்களோட ஆளுங்களுக்கே போட்டுக் காட்டினாங்க. யாரு பாக்கணுமோ அவங்க முன்னாடி போடறதுக்குத்தான் அந்த உழைப்பு முழுக்க.

தாழ்ப்பாள் படத்துக்கு ஸ்கூல்ல ஒத்துக்கலை. ஸ்கூல் பேர் கெட்டுடும், வீடியோ வைரலானா மேல இருந்து மெமோ வரும்னு ஹெச்.எம். பயந்தாங்க, அந்த பயம் நியாயமானதுதான், நாலு செகண்ட் கிளிப்புக்கு டீச்சர் தலை உருண்டத நாம எல்லாரும் பாத்திருக்கோம். அதனால எங்கயும் அப்லோட் பண்றதில்ல, ஃபோன்ல ஷேர் பண்றதில்ல, பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல மட்டும் ஒரு தடவ போடறோம்னு பேசி முடிச்சோம். கல்வி உரிமைச் சட்டம் 21வது பிரிவுப்படி அந்த குழுல முக்கால்வாசி பேர் பெத்தவங்க, பாதிப் பேர் பெண்கள் இருக்கணும், இந்த படத்த பாக்க வேண்டிய கண்ணுங்க அங்கதான் இருந்துச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போட்டோம். "ஏன்டி தண்ணி அப்படியே இருக்கு" வந்ததும் ஒரு அம்மா சத்தமா "எங்க வீட்டுலயும் இதேதாங்க கேப்பேன்"னாங்க, இன்னொரு தடவ போடச் சொன்னாங்க, போட்டோம். தாழ்ப்பாளுக்கு எவ்வளவு ஆகும், யாரு மாட்டறதுன்னு பேச்சு போயிட்டு இருக்கறப்போ பின்னாடி உக்காந்திருந்த ஒரு பாட்டி, பேத்திக்காக வந்தவங்க, "தாழ்ப்பாள் போட்டா ஆச்சா, பதினோரு மணிக்கு மேல தொட்டில தண்ணி வருதா, போய்ப் பாருங்க"ன்னு கேட்டாங்க. அது அந்த ஆறு பொண்ணுங்களுக்கே தெரியாது, அவங்கதான் பாத்ரூம் பக்கமே போறதில்லையே. ஒருத்தி நோட்ட எடுத்து அத எழுதிக்கிட்டா.

தாழ்ப்பாள் அடுத்த வாரமே மாட்டிட்டாங்க. மோட்டார் இன்னும் ரிப்பேர்லதான் இருக்கு. மொட்டை மாடில டேங்க்க போய் ஒரு நிமிஷம் எடுக்கணும், பெர்மிஷன் வேணும்னு அந்த பொண்ணுங்க ஹெச்.எம்.க்கு லெட்டர் எழுதி குடுத்திருக்காங்க, ஆறு பேரும் கையெழுத்து போட்டு.